கேம்பர் வேனில் ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி போட்டேன், இரண்டு மாதத்தில் மூன்று பல்ப் கருகிவிட்டது. உதவுங்கள்

ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறோம். 2005 மாடல் ஃபியட் டுகாட்டோவில் கட்டிய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வேன்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. உள்ளே பத்து விளக்கு, எல்லாமே ஜி4 (இரண்டு ஊசிக் கால் வைத்த சின்ன பல்ப்) ஹாலஜன், ஒவ்வொன்றும் 10 வாட். எஞ்சின் பேட்டரி இல்லாமல், உள்ளே விளக்கு, ஹீட்டர் விசிறிக்கு என்று தனியாக 110 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, லெட் ஆசிட் வகை.

போன நவம்பரில் கெஸ்விக் போயிருந்தோம். அந்த மாதத்தில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பத்து மணிக்கு எல்லாம் மஞ்சளடித்து மங்கியது. கொஞ்ச நேரத்தில் ஹீட்டரின் விசிறியும் நின்றுவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்த வாரமே எல்இடி பல்ப் பத்து வாங்கிப் போட்டேன். பெட்டியில் ‘ஜி4, 12 வோல்ட், 1.5 வாட்’ என்றுதான் இருந்தது.

இப்போது பிரச்சினை மூன்று. முதலாவது, இரண்டு மாதத்தில் மூன்று பல்ப் போய்விட்டது. இரண்டாவது, நாலு பல்பை ஹோல்டரில் ஒரு பக்கமாகச் செருகினால் எரியவே இல்லை, திருப்பிச் செருகினால் எரிகிறது. மூன்றாவது, படுக்கைக்கு மேலே உள்ள விளக்கை அணைத்த பிறகும் மின்மினி மாதிரி லேசாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. ஹாலஜனில் இது எதுவுமே இல்லை. ஒயரிங்கில் கோளாறா? இந்த வேலை எனக்குப் புதிது, கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய ஒயர்மேன்:

தம்பி, முதலில் ஒரு அளவு எடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரிலேயே பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது ஒன்று, எஞ்சின் ஓடும்போது ஒன்று, கேம்ப்சைட் கரண்ட் செருகி சார்ஜர் ஓடும்போது ஒன்று. மூன்றையும் எழுதுங்கள். செத்த பல்ப் கையில் இருந்தால் அது எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள். எப்போது செத்தது என்று ஞாபகம் இருக்கிறதா?

வேன்வாசி:

எனக்கும் இப்படித்தான் ஆனது. மலிவான பல்ப் என்றால் அப்படித்தான், நல்ல விலைக்கு வாங்கிப் போடுங்கள். ஃபியூஸையும் 15 ஆம்பியராக மாற்றிவிடுங்கள், தொந்தரவு இருக்காது.

பழைய ஒயர்மேன்:

வேன்வாசி, ஃபியூஸ் விஷயத்தில் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. கூரைப் பலகைக்குப் பின்னால் ஓடும் மெல்லிய ஒயருக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு மேல் போகவே கூடாது. எங்கேயாவது ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் சூடாகும். சுற்றிலும் மரமும் துணியும் உள்ள வண்டி, உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள். எல்இடி போட்ட பிறகு ஃபியூஸைக் குறைக்கத்தான் வேண்டும். பத்து விளக்கும் சேர்ந்து 2 ஆம்பியரைத் தொடாது. அந்த ஃபியூஸில் விளக்கு மட்டும்தான் என்றால் 3 ஆம்பியர் போட்டாலே தாராளம்.

விலையும் காரணமில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல, நான் கேட்ட அளவு வரட்டும்.

ஏரிக்கரை:

அண்ணா, எடுத்துவிட்டேன். எஞ்சின் ஓடாதபோது 12.5. எஞ்சின் ஓடும்போது 14.3. வீட்டு வாசலில் நிறுத்தி கரண்ட் செருகியதும் 14.4 வரை ஏறியது, சில மணி நேரம் கழித்து 13.6-இல் நின்றது.

செத்த பல்ப் ஒன்று இதோ கையில் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்ன வட்டப் பலகை, அதில் ஒன்பது மஞ்சள் புள்ளி. அதில் மூன்றின் நடுவில் மட்டும் ஊசி முனை அளவுக்குக் கருப்பு விழுந்திருக்கிறது. பலகையின் பின்புறம் பழுப்பேறி இருக்கிறது, முகர்ந்தால் கருகிய வாடை இன்னும் வருகிறது. புள்ளிகளுக்கு நடுவில் கடுகு மாதிரி மூன்று கருப்புத் துண்டு, மூன்றிலும் ‘151’ என்று எழுதியிருக்கிறது. முதலில் மூன்று புள்ளி அணைந்தது, ஒரு வாரத்தில் மீதியும் போய்விட்டது.

நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். மூன்றுமே கேம்ப்சைட்டில் கரண்ட் செருகியிருந்த நாட்களில்தான் போயின.

பழைய ஒயர்மேன்:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. உங்கள் ஒயரிங் நன்றாகத்தான் இருக்கிறது. வண்டியில் ‘12 வோல்ட்’ என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். பேட்டரி முழுதாக நிறைந்து சும்மா இருந்தால் 12.7, பாதி இறங்கினால் 12.2 அளவில், சார்ஜ் ஏறும்போது 14.4. ஹாலஜன் அதைத் தாங்கிக்கொள்ளும், கூடுதல் பிரகாசமாக எரியும், ஆயுள் குறையும். எல்இடிக்கு அப்படி இல்லை.

151 என்றால் 150 ஓம் ரெசிஸ்டர், கரண்டை மட்டுப்படுத்தும் துண்டு. 15-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம். மூன்று மூன்று புள்ளியாக வரிசையில் கோத்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். வெள்ளை எல்இடி ஒன்று 3.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்ளும். மூன்றுக்கு 9.5 என்று வையுங்கள். 12.5 வோல்ட்டில் மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழும், அதை 150-ஆல் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். அந்தப் புள்ளிக்கு ஏற்ற அளவு. இப்போது கரண்ட் செருகுங்கள், 14.4 ஆகிறது. எல்இடி தன் பங்கைப் பெரிதாகக் கூட்டாது, கூடிய அத்தனையும் ரெசிஸ்டர் மேல்தான் விழும். 4.9-ஐ 150-ஆல் வகுத்தால் 33 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் கூடியது 15 சதவீதம்தான், ஆனால் பல்பில் உருவாகும் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தச் சின்னப் பலகைக்கு அதை வெளியே தள்ள வழியில்லை. வரிசையில் ஒன்று போனால் மூன்றும் அணையும். நீங்கள் பார்த்தது அதுதான்.

திருப்பிச் செருகினால்தான் எரிகிறது என்பதும் இதே கதை. எல்இடி ஒரு திசையில்தான் கரண்டை விடும். நல்ல பல்பில் எப்படிச் செருகினாலும் சரிசெய்துகொள்ளும் ‘பிரிட்ஜ்’ என்ற சின்ன சர்க்யூட் உள்ளேயே இருக்கும், இதில் அதை வைக்கவில்லை.

வாங்கும்போது பெட்டியில் ‘10 முதல் 30 வோல்ட் டிசி’ என்று ஒரு எல்லை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெறும் 12 என்று மட்டும் போட்டிருந்தால் வேனுக்கு வேண்டாம். நிறம் 2700 கெல்வின் எடுங்கள். 6000 எடுத்தால் உள்ளே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்.

இரண்டாம் கியர்:

அண்ணா, ஒவ்வொரு பல்பாக மாற்றாமல், விளக்கு லைனுக்கு மட்டும் 12 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று போட்டால் போதாதா? நான் கூரை ஓரம் முழுக்க எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டப் போகிறேன்.

பழைய ஒயர்மேன்:

ஸ்ட்ரிப்புக்கு அது சரிதான் அம்மா. ஸ்ட்ரிப்பிலும் இதே மூன்று எல்இடி, ஒரு ரெசிஸ்டர் கணக்குதான். ஆனால் வோல்டேஜை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த ஸ்டெபிலைசராக வாங்குங்கள். இறக்க மட்டும் தெரிந்தது என்றால், பேட்டரி 12.2-க்கு வந்த நேரத்தில் 12 கொடுக்க முடியாமல் விளக்கு மங்கும். அப்புறம், அதை சுவிட்சுக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் விளக்கு எரியாவிட்டாலும் இரவும் பகலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஏரிக்கரை:

மிக்க நன்றி அண்ணா. 10 முதல் 30 வோல்ட் போட்ட பல்ப், 2 வாட், பத்தும் மாற்றியாயிற்று. எந்தப் பக்கம் செருகினாலும் எரிகிறது, 14.4-இலும் வெளிச்சம் மாறவில்லை. ஆனால் புதிதாக ஒன்று. அடுப்பங்கரை விளக்கைப் போட்டால் ரேடியோவில் ஒரே இரைச்சல், டிஜிட்டல் சேனல்கள் வரவே இல்லை. படுக்கை விளக்கும் முன்பு லேசாக ஒளிர்ந்தது, இப்போது சில விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது!

பழைய ஒயர்மேன்:

ரேடியோ இரைச்சல் அந்தக் கட்டுப்பாட்டு சர்க்யூட்டிலிருந்து வருகிறது. அது விநாடிக்குப் பல ஆயிரம் முறை கரண்டை வெட்டி வெட்டித்தான் வேலை செய்யும். ஒயரே ஆன்டெனா மாதிரி அதைப் பரப்பிவிடும். எல்லா பல்பும் குற்றவாளி இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி எதைக் கழற்றினால் நிற்கிறது என்று பாருங்கள், ஆன்டெனா ஒயருக்குப் பக்கத்தில் உள்ளவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த விளக்குக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, பல்புக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே ஒரு கிளிப் ஃபெரைட் (ஒயரில் வரும் இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டுங்கள். ஒயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்று விட்டால் இன்னும் நல்லது.

படுக்கை விளக்கின் சுவிட்சில் இருட்டில் தெரிவதற்காகச் சின்னச் சிவப்பு வெளிச்சம் இருக்கிறதா?

ஏரிக்கரை:

ஆமாம் அண்ணா, இருக்கிறது! அந்த ஒரு சுவிட்சில் மட்டும்தான்.

பழைய ஒயர்மேன்:

அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கான கரண்ட் உங்கள் பல்ப் வழியாகத்தான் போகிறது. சில மில்லி ஆம்பியர்தான். ஹாலஜன் இழைக்கு அது கொசு கடித்த மாதிரி, சூடே ஏறாது. பழைய எல்இடி அதிலேயே லேசாக ஒளிர்ந்தது. புதியதில் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து ஒருமுறை பளிச்சென்று அடித்துவிட்டு மறுபடி நிறைகிறது. வெளிச்சம் இல்லாத சாதாரண சுவிட்சாக மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

வேன்வாசி:

ஃபியூஸ் பற்றி நான் சொன்னது தவறு, என் வேனிலும் இன்று 15-ஐ எடுத்துவிட்டுப் பழையபடி 10 போட்டுவிட்டேன். நன்றி. ஒரு சந்தேகம், முன் ஹெட்லைட்டிலும் இப்படி எல்இடி போடலாமா?

பழைய ஒயர்மேன்:

ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள். ஹெட்லைட்டில் மட்டும் வேண்டாம். ஹாலஜனுக்கு என்று செய்த கண்ணாடிக் குவியத்தில் எல்இடி போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணை அடிக்கும். இந்தக் காலத்து வண்டி என்றால் இங்கே எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையிலும் தேறாது. இண்டிகேட்டர் பல்பை மாற்றினால், 21 வாட் இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாட்தான் இழுக்கிறது என்று பல்ப் போய்விட்டதாக நினைத்து, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ரிலே படபடவென்று அடிக்கும். உள் விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை:

நேற்று க்ளென்கோவிலிருந்து திரும்பினோம். இரண்டு இரவு கரண்ட் செருகாமல் இருந்தோம். முன்பு பத்து விளக்கும் போட்டால் நாலு மணி நேரத்தில் 33 ஆம்பியர் மணி போய்விடும், இப்போது ஏழு கூட ஆவதில்லை. இரண்டாம் நாள் காலையில் பார்த்தேன், 12.4 இருந்தது. ஹீட்டர் விசிறி இரவு முழுக்க ஓடியது. ரேடியோவைக் கெடுத்தது அடுப்புக்கு மேலே இருந்த ஒரே ஒரு பல்ப். ஃபெரைட்டில் பாதிதான் குறைந்தது, அதைப் பின்பக்க அலமாரிக்கு மாற்றி, அங்கிருந்ததை இங்கே போட்டதும் முழுதாக நின்றது. சுவிட்சும் மாற்றிவிட்டேன்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பத்து ஹாலஜனும் சேர்ந்து 100 வாட் சூடு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது சாயங்காலம் ஹீட்டரை அரை மணி முன்னாலேயே போட வேண்டியிருக்கிறது. அம்மா ஏப்ரலில் மறுபடி வருகிறார், படுக்கைப் பக்கம் மட்டும் ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துக்கொண்டிருக்கிறேன்.