செவன் சிஸ்டர்ஸ் வெண்குன்றுகள், ஃபிரிஸ்டன் காடு, கக்மியர் பள்ளத்தாக்கு: மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்க்க இயலுமா?

நெடுநடை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் ஊரிலிருந்து என் அம்மா லண்டன் வருகிறார். அந்த வாரம் என் பத்து வயது மகளுக்கும் பள்ளி விடுமுறை. இங்கிலாந்தின் தென்கரையில், சீஃபோர்டுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே கடலை ஒட்டி நிற்கும் சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளை அவர்கள் இருவருக்கும் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் தயங்காமல் நடப்பார், ஆனால் ஏற்ற இறக்கம் என்றால் முழங்கால் வலிக்கும். மகளோ பள்ளியில் பாறைகளைப் பற்றிப் படித்ததிலிருந்து, கரும்பலகையில் எழுதும் சாக்பீஸும் அந்தக் குன்றும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சென்ற ஆண்டு நான் மட்டும் போயிருந்தேன். பேருந்தை விட்டு இறங்கி நேராகக் குன்றின் மேல் ஏறி, மூன்று மணி நேரம் நடந்து, புல்லையும் கடலையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பினேன். படங்களில் காண்கிற அந்த வெண்மை என் கண்ணில் படவே இல்லை. இம்முறை அந்தத் தவறு நேரக்கூடாது. குன்று, காடு, ஆற்றுப் பள்ளத்தாக்கு மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வழி இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

வல்லைவெளி:

வணக்கம். உங்களுக்கு நேர்ந்தது முதன்முறை போகிற பெரும்பாலானோருக்கும் நேர்வதுதான். செவன் சிஸ்டர்ஸ் குன்றுகளின் மேல் நடந்தால் அவற்றின் முகம் தெரியாது. அதைப் பார்க்கக் கக்மியர் ஆற்றின் மறுகரைக்குப் போக வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் பாலம் இல்லை, இறங்கிக் கடப்பதும் ஆபத்து. ஆகவே எந்தக் கரையில் நடப்பது என்பதை, ஆற்றைச் சாலை கடக்கும் எக்சீட் என்ற இடத்துப் பாலத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏறி, லூயிஸில் மாறி, சீஃபோர்டில் இறங்குங்கள். அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் பேருந்து சிறிது நேரத்தில் எக்சீட்டில் இறக்கிவிடும். விடுமுறை வாரத்தில் அந்தப் பேருந்து நிரம்பி வழியும் என்பதால், அம்மாவுக்கு இருக்கை கிடைக்கக் காலையிலேயே புறப்படுவது நல்லது. எக்சீட்டிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கடற்கரை வரை போகிற பாதை சுமார் 2 கிலோமீட்டர்; தட்டையானது, சக்கர நாற்காலியும் செல்லக்கூடியது. மேற்குக் கரையில் போனால் கடலோரக் காவலர் குடியிருப்புகளின் அருகே முடியும். நீங்கள் சொல்லும் படங்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்தவை. முன்புறம் ஓட்டு வீடுகள், நடுவே ஆற்றின் வாய், அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழும் வெண்முகங்கள். கடைசிப் பகுதியில் மட்டும் சிறிய மேடு உண்டு, அம்மாவால் முடியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் காலையில் மேற்குக் கரைக்குத்தான் போவேன். வழியில் குடிநீர் கிடைக்காது, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.

கல்லும் கடலும்:

உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மிக நல்ல கேள்வி அது. இன்று கடையில் வாங்குகிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது. குன்றில் இருப்பதோ உண்மையான சீமைச்சுண்ணாம்பு. ஒரு சிறு குப்பியில் வினிகர் கொண்டுபோய், கரையில் கிடக்கும் வெண்கல் துண்டின் மேல் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள், நுரைத்துப் பொங்கும். வீட்டுக்கு வந்து சாக்பீஸிலும் விட்டுப் பார்க்கட்டும், ஜிப்சமாக இருந்தால் சும்மா இருக்கும்.

எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வெதுவெதுப்பான கடலில் மிதந்த நுண்பாசிகளின் மேல்தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கக்கூடியவை, அடியில் படிந்து படிந்து உண்டான கல் இது. (நம் அரியலூர்ப் பக்கத்துக் கடற்படிவுகளும் இதே கிரெட்டேசியக் காலத்தவை என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.) வெண்முகத்தில் கிடையாக ஓடும் கரிய கோடுகள் சக்கிமுக்கிக் கல். கரையில் காலை உறுத்துகிற கூழாங்கற்களும் அதே கல்தான்: குன்று இடிந்து விழ, மென்மையான வெண்கல்லைக் கடல் கரைத்துக்கொண்டு போக, கெட்டியானது மட்டும் எஞ்சி உருண்டு கிடக்கிறது.

நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் மூன்றையும் நீர்தான் சேர்த்துக் கட்டுகிறது. சீமைச்சுண்ணாம்பு மழையை உறிஞ்சிவிடும். அதனால் குன்றுகளின் மேல் ஓர் ஓடையைக்கூட உங்கள் மகளால் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் ஏழு சிகரங்களுக்கு நடுவே இருக்கும் தாழ்வுகளை அறுத்தது எது? பனியூழிக் காலத்தில் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தபோது, கோடையில் உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலேயே ஓடிப் பள்ளங்களை அறுத்தது. பிறகு நிலம் இளகியது, நீர் உள்ளே இறங்கிவிட்டது, பள்ளங்கள் வறண்டன. கடல் வந்து அவற்றைக் குறுக்காக வெட்டியதில் தெரிவதுதான் அந்த அலைவடிவம். கக்மியர் மட்டும் இன்றும் ஓடுகிறது, ஏனென்றால் அது வடக்கே களிமண் பூமியில் பிறந்து வருகிற ஆறு.

காடும் இந்தக் கதையிலிருந்து விலகியதன்று. உறிஞ்சிய மழை அடியில் தேங்கி ஈஸ்ட்போர்ன் பகுதிக்குக் குடிநீராகிறது. அந்த நிலத்தடி நீரைக் காப்பதற்காகவே 1926 முதல் மேலே பீச் (beech) எனும் இலையுதிர் மரங்களை நட்டு ஃபிரிஸ்டன் காட்டை வளர்த்தார்கள்.

நெடுநடை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வினிகர் குப்பியை மகள் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். இன்னும் இரண்டு ஐயங்கள். குன்றுகளின் அடியில், கடலோரமாகவே நடக்கலாமா? அம்மாவை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம்?

ஓதம்பார்த்தவள்:

அடியில் நடக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் அண்ணனும் குன்றுகளின் கிழக்குக் கோடியிலுள்ள பர்லிங் கேப்பின் இரும்புப் படிகளில் இறங்கி, கக்மியர் வாய் வரை போய்விடலாம் என்று ஓத நேரம் பார்க்காமல் நடந்தோம். பாதி வழியில் கடல் ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் அலை. மேலே ஏற இடையில் ஒரு வழியும் இல்லை. திரும்பி வரும்போது முழங்கால் அளவு நீரில், வழுக்கும் கற்களின் மேல், சுவரைப் பிடித்தபடி வந்தோம். என் உள்ளங்கை முழுக்க வெண்மாவு அப்பியிருந்தது. பிடித்திருந்த அந்தச் சுவரே எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது கரையேறிய பிறகுதான் உறைத்தது.

அந்தக் கல் முன்னறிவிப்பில்லாமல் சரியும். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பல ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை பின்வாங்கிய இந்தக் கரை, கடந்த 150 ஆண்டுகளில் ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை பின்வாங்கியிருக்கிறது. அடியைக் காத்து நின்ற கூழாங்கல் மேடு மெலிந்துபோனது அதற்கு ஒரு காரணம். அருகிலிருக்கும் பெல் டவுட் கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். எனவே மேலே நடந்தாலும் விளிம்பிலிருந்து பத்து மீட்டராவது தள்ளியே நடங்கள். புல் கெட்டியாகத் தெரியும், கீழே கல் இருக்காது. மகளின் கையை விடாதீர்கள்.

காட்டைப் பொறுத்தவரை, அம்மாவுக்காகத் தூரம் போகவே வேண்டியதில்லை. ஆற்றோர நடை முடிந்து எக்சீட் திரும்பியதும், சாலையைக் கடந்து புல்சரிவில் மெதுவாக ஏறினால் சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய ஒரு சுவர் வரும். ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்தானது. நின்று நின்று ஏறலாம். சுவரைத் தாண்டிய உடனே பீச் மரங்களின் நிழல் தொடங்கிவிடும். மே கடைசியில் இலைகள் இளம்பச்சையாக, வெயில் ஊடுருவும்படி இருக்கும். அங்கிருந்து வெஸ்ட் டீன் கிராமத்துக்குப் படிகள் இறங்குகின்றன, அம்மா அவற்றில் இறங்க வேண்டாம். அந்தச் சுவரருகே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாலே கக்மியரின் வளைவுகள் முழுவதும் தெரியும். அவற்றில் இப்போது ஆறு ஓடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெட்டிய நேர்க் கால்வாய் வழியாகத்தான் அது கடலுக்குப் போகிறது. பழைய வளைவுகள் அசையாத நீரோடு அப்படியே கிடக்கின்றன. கால்வாயையும் வளைவுகளையும் மகள் பிரித்து அடையாளம் காட்டட்டும்.

புறப்படுமுன் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.