ஷிப்பிங் டாக்குமெண்டேஷன் தெரியும், எழுத்து வேலையை ஆன்லைனில் எங்கே, எப்படித் தொடங்குவது?

ராயபுரம்_ரேவதி:
எல்லாருக்கும் வணக்கம். பாரிமுனையில் ஒரு ஃப்ரெயிட் ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்து தரும்) ஆபீஸில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். பி.எல். (சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸில் தரும் படிவம்), பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அத்துப்படி. இங்கிலீஷ் பேசும்போது தடுமாறும், எழுதும்போது அந்தத் தடுமாற்றம் இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, கன்டென்ட் ரைட்டிங் செய்யலாம் என்று இருக்கிறேன். ஆன்லைனில் வேலை பிடித்துத் தரும் தளங்களில் எது நல்லது, அப்வொர்க்கா, ஃபைவரா? என்ன விலை கேட்பது? பணம் எப்படிக் கைக்கு வரும்? இன்னொன்று, டெலிகிராமில் ஒருவர் 1,500 ரூபாய் கட்டினால் டைப்பிங் ப்ராஜெக்ட் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

மூலக்கடை_முரளி:
கட்டாதீங்க சிஸ்டர். வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் தரணும், நம்மிடம் கேட்கக் கூடாது. இந்த டைப்பிங் ஏமாற்று 1,500 ரூபாயோடு நிற்பதும் இல்லை. நீங்கள் முடித்துக் கொடுத்ததும் "தப்பு அதிகம், அக்ரிமெண்டை மீறிட்டீங்க" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி, கேஸ் போடுவோம் என்று மிரட்டி இன்னும் பல ஆயிரம் பறிப்பார்கள். ஆதார், பான் நகல் எதையும் அனுப்பாதீர்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு போன் செய்து புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை நடுவில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது.

"உங்க அப்வொர்க் அக்கவுண்டை வாடகைக்குக் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்" என்றும் வருவார்கள். அதுவும் வேண்டாம். அக்கவுண்ட் நிரந்தரமாக முடங்கும், உங்கள் பெயரில் யார் என்ன செய்தாலும் பதில் நீங்கள் சொல்லணும்.

எழுத்தாணி:
ரேவதி, "கன்டென்ட் ரைட்டர்" என்று ப்ரொஃபைல் தலைப்பு வைக்காதீர்கள். அந்தப் பெயரில் கூட்டம் தாங்காது, விலையும் அடிமட்டம். "ஃப்ரெயிட், கஸ்டம்ஸ் டாக்குமெண்டேஷன் பற்றி எழுதுபவர்" என்று வையுங்கள். ஃபார்வர்டிங் கம்பெனிகள், கன்டெய்னர் டிராக்கிங் சாஃப்ட்வேர் விற்பவர்கள், இறக்குமதியாளர்களுக்கு வழிகாட்டி எழுதச் சொல்பவர்கள் எல்லாருமே தேடுவது இந்தப் பொருள் தெரிந்த ஆளைத்தான். டெமரேஜுக்கும் (பெட்டி துறைமுகத்தில் அதிக நாள் தங்கினால் வரும் கட்டணம்) டிடென்ஷனுக்கும் (வெளியே கொண்டுபோன பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் வரும் கட்டணம்) வித்தியாசம் தெரியாமல் எழுதித் தருகிறவர்களைத் திருத்தியே அவர்கள் களைத்துப்போயிருப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு சாம்பிள் கட்டுரை கையில் இருக்கணும், ஒவ்வொன்றும் 800 வார்த்தை போதும். "லாஜிஸ்டிக்ஸின் முக்கியத்துவம்" மாதிரிப் பொதுவான தலைப்பு வேண்டாம். நீங்கள் தினமும் பார்க்கும் சிக்கலை எடுங்கள். கன்டெய்னர் சரக்குக்கும் பழக்கத்தில் எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு என்ற விற்பனை நிபந்தனை) போடுகிறார்கள் இல்லையா? சரக்கை மாதவரத்திலோ மணலியிலோ சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கில்) ஒப்படைத்த பிறகும், லாரி துறைமுக வரிசையில் நின்று பெட்டி கப்பலில் ஏறும்வரை ரிஸ்க் எக்ஸ்போர்ட்டர் தலையில்தான். எஃப்சிஏ என்ற வேறு நிபந்தனை போட்டால் ஒப்படைத்த இடத்திலேயே ரிஸ்க் கைமாறிவிடும். அப்படியிருந்தும் ஏன் தயங்குகிறார்கள்? எல்சி-யில் (வாங்குபவரின் பேங்க் தரும் பண உத்தரவாதம்) பேங்க் ஆன்-போர்டு பி.எல்., அதாவது சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் பி.எல். கேட்கும்; ஏறும் முன்பே ஒப்படைத்துவிடும் எஃப்சிஏ-வில் அது கிடைப்பது கஷ்டம். அதற்காகத்தான் இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதிகளில், வாங்குபவர் கேரியருக்கு (கப்பல் கம்பெனிக்கு) சொல்லி விற்பவருக்கு ஆன்-போர்டு பி.எல். கொடுக்க வைக்கலாம் என்று எஃப்சிஏ-வில் சேர்த்தார்கள். இதை ஒரு கட்டுரையாக எழுதுங்கள். படிக்கிற ஃபார்வர்டருக்கு எழுதியவர் இந்தத் தொழிலில் இருப்பவர் என்று இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

அப்வொர்க்கில் வேலை கேட்டு அனுப்பும் ப்ரொபோசலில் க்ளையண்டுக்கு லிஸ்டில் தெரிவது முதல் இரண்டு வரிதான். "டியர் சார், ஐ ஆம் எ ஹார்ட்வொர்க்கிங்..." என்று அதை வீணாக்காதீர்கள். அவர் விளம்பரத்தில் சொன்ன தலைப்பில் எதை விட்டுவிட்டார், படிப்பவருக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்று நேராக ஆரம்பியுங்கள். அனுப்பும் முன் க்ளையண்டின் பேமெண்ட் வெரிஃபை ஆகியிருக்கிறதா, இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், போட்ட விளம்பரத்துக்கெல்லாம் ஆள் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். நிறைய விளம்பரம் போட்டு யாரையுமே எடுக்காதவருக்கு கனெக்ட்ஸ் (ப்ரொபோசல் அனுப்ப அப்வொர்க்கில் செலவாகும் டோக்கன்) செலவழிப்பது வீண்.

எழுதுவது கூகுள் டாக்ஸில் மட்டும். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டாதீர்கள். இப்போது க்ளையண்ட்கள் ஏஐ டிடெக்டரில் போட்டுப் பார்க்கிறார்கள், சொந்தமாக எழுதியதையும் அது ஏஐ என்று காட்டிவிடும். அப்போது வெர்ஷன் ஹிஸ்டரியை (நீங்கள் படிப்படியாக எழுதிய பதிவை) திறந்து காட்டுவதுதான் சரியான பதில்.

வண்ணை_கணக்கு:
பணக் கணக்கை நான் சொல்கிறேன்.

ஃபைவர் உங்கள் பங்கிலிருந்து 20 சதவீதம் எடுக்கும், வேலை முடிந்தபின் புதியவர்களுக்கு 14 நாள் காத்திருப்பு. அப்வொர்க்கில் ஒப்பந்தத்துக்கு ஏற்ப 0 முதல் 15 சதவீதம். ஆனால் ப்ரொபோசல் அனுப்பவே கனெக்ட்ஸ் வாங்கணும், ஒரு கனெக்ட் 15 சென்ட். புதியவர்கள் அடிபடுவது இங்கேதான். வார்த்தைக்கு 4 சென்ட் என்று வைத்தால் 1,000 வார்த்தைக்கு 40 டாலர். 10 சதவீதம் கமிஷன் போக 36. பேங்குக்கு மாற்ற 0.99 டாலர் போக 35. ஒரு ப்ரொபோசலுக்கு 12 கனெக்ட்ஸ் என்றால் 1.80 டாலர். பத்து அனுப்பி ஒன்று கிடைத்தால் 18 டாலர் அதிலேயே போச்சு, மிச்சம் 17. அதனால் ஒற்றைக் கட்டுரை விளம்பரங்களைத் தாண்டி, மாதம் நான்கு கட்டுரை மாதிரித் தொடர் வேலை தருபவர்களுக்குக் குறி வையுங்கள். பணத்தையும் சேர்த்து வைத்து ஒரே தடவையில் எடுங்கள், மாற்றும் கட்டணம் ஒரு முறைதான் போகும்.

அப்வொர்க்கில் ஃபிக்ஸட் ப்ரைஸ் வேலையில் மைல்ஸ்டோனுக்கு (வேலையின் ஒரு கட்டத்துக்கு) க்ளையண்ட் பணம் போட்டுவிட்டாரா என்று பார்க்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். ஒப்பந்தம் ஏற்பது வேறு, எஸ்க்ரோவில் (அப்வொர்க் நடுவில் பிடித்துவைக்கும் கணக்கில்) பணம் இருப்பது வேறு. வேலையைச் சமர்ப்பிக்கும்போது பணம் கேட்கும் பட்டனை அழுத்தித்தான் அனுப்பணும். வெறும் மெசேஜில் ஃபைலை அனுப்பினால் 14 நாள் கணக்கு ஓடாது. முறையாக அனுப்பியிருந்தால் க்ளையண்ட் பதிலே சொல்லாவிட்டாலும் 14 நாளில் தானாக விடுவிக்கப்படும், அதன்பிறகு கைக்கு எடுக்க 5 நாள் ஹோல்டு. மணிக்கணக்கு வேலை என்றால் நேரத்தைப் பதியும் அப்வொர்க் டிராக்கர் ஆப் ஓடணும். கையால் போட்ட நேரத்துக்குப் பாதுகாப்பு கிடையாது.

பான் எண்ணைக் கட்டாயம் பதியுங்கள். பதிந்தால் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 0.1 சதவீதம், இல்லாவிட்டால் 5. பிடித்தது உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரியும். சம்பளத்தோடு இந்த வருமானமும் சேர்ந்தால் ஐடிஆர்-1 (சம்பளக்காரர்களுக்கான எளிய வரிப் படிவம்) போட முடியாது, ஐடிஆர்-3 அல்லது 4 வரும். எது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ராயபுரம்_ரேவதி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த டெலிகிராம் ஆளை பிளாக் பண்ணிட்டேன். சாம்பிள் கட்டுரையில் ஆபீஸில் போட்ட பி.எல்.-ஐ படமாக வைக்கலாமா, பேரை மட்டும் மறைத்துவிட்டு? வீட்டில் உட்கார்ந்து எழுத இடமும் இல்லை, அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

எழுத்தாணி:
பேரை மறைத்தாலும் வேண்டாம். கன்டெய்னர் நம்பரும் சீல் நம்பரும் இருந்தாலே யார் சரக்கு என்று தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள், அது உங்கள் ஆபீஸ் கஸ்டமரின் விவரம். காலி ஃபார்மெட்டில் கற்பனைப் பெயர், கற்பனை எண் போட்டு நீங்களே ஒன்று தயார் செய்யுங்கள், மேலே "மாதிரி" என்று குறுக்கே எழுதிவிடுங்கள். அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில் வெளி வேலை பற்றி என்ன போட்டிருக்கிறது என்றும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மூலக்கடை_முரளி:
இடத்துக்கு, கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கு சிஸ்டர். வேலை செய்ய மேசை வாடகைக்குத் தர்றாங்க. ராயபுரத்திலிருந்து தினமும் வர்றது கஷ்டம், லீவு நாளில் சாம்பிள் கட்டுரை முடிக்க வசதியா இருக்கும். இடத்தை முன்னாடியே புக் பண்ணிட்டு வாங்க.