முகாமில் போட்ட மைக்ரோசிப் ஸ்கேனரில் காட்டவே இல்லை, என்ன செய்யலாம்?

மணி வீட்டம்மா:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் செல்லப் பிராணிகளுக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப்) போடும் முகாம் நடந்தது. வரிசையில் நின்று எங்கள் நாய் மணிக்கும் (மூன்று வயது) போட்டுக்கொண்டு வந்தோம். ஊசி கொஞ்சம் தடிமன்தான். ஒரு தடவை வீல் என்று கத்தினான், அதோடு சரி. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் 15 இலக்க எண்ணைப் பேனாவில் எழுதி, ஓரத்தில் ஒரு பார்கோடு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள்.

நேற்று ரேபிஸ் ஊசிக்கு வேறொரு டாக்டரிடம் போனோம். சிப் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஸ்கேனரைக் கழுத்துக்கு மேல் இரண்டு முறை ஓட்டினார். ஒன்றும் வரவில்லை. "விழுந்திருக்கும், புதுசா ஒண்ணு போட்டுடலாமா?" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சிப் உண்மையிலேயே விழுமா? கெட்டுப்போகுமா? முகாமில் போடவே இல்லையோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது.

திண்ணைவாசி:
முகாமில் ஊசி போட்ட உடனே ஒரு முறை ஸ்கேன் செய்து எண்ணைக் காட்டினார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

மணி வீட்டம்மா:
போடுவதற்கு முன்னால் ஒரு பீப் சத்தம் கேட்டது. ஊசிக்குள் இருக்கும்போதே பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். போட்ட பிறகு பார்த்த ஞாபகம் இல்லை. அவ்வளவு கூட்டம்.

பழைய கம்பவுண்டர்:
அம்மா, இரண்டாவது சிப்புக்கு அவசரப்படாதீர்கள். கால்நடை மருத்துவமனையில் பல வருடம் உதவியாளராக இருந்தவன் நான். சிப் இல்லை என்பது வேறு, ஸ்கேனரில் சிக்கவில்லை என்பது வேறு. நான் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம்.

சிப் என்பது ஓர் அரிசி அளவு கண்ணாடிக் குப்பி. வழக்கமானது 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே பேட்டரி கிடையாது, அதனால் தீர்ந்துபோகவும் எதுவும் இல்லை. ஸ்கேனர் கிட்டே வந்து அலையை அனுப்பினால்தான் கண்விழித்து எண்ணைச் சொல்லும். சில சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே வாயை மூடிக்கொள்ளும். ஆக, எல்லாம் ஸ்கேனர் பிடிக்கிறவர் கைப்பழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த முறை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அதிலுள்ள உலோகம் கெடுக்கும். எவர்சில்வர் மேசை வேண்டாம், மணியைத் தரையில் நிற்க வையுங்கள். ஸ்கேனரை முடியில் தொட்டபடி மெதுவாக, பாம்பு ஊர்கிற மாதிரி வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். பிறகு ஸ்கேனரைத் திருப்பிப் பிடித்துக் குறுக்குவாட்டிலும் ஒரு தடவை. சிப் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது சிக்கும். இரண்டு வீச்சில் முடிக்கிற வேலை இல்லை இது.

கழுத்துக்கு மேல் மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவேதான் போடுவார்கள், ஆனால் சுற்றியுள்ள சதை பிடித்துக்கொள்ளும் முன் அது தோலுக்கடியில் நழுவலாம். இரண்டு தோள், முன்னங்கால் முட்டி வரை, நெஞ்சுக்கு அடியில், கழுத்தின் இடப்பக்கம் என்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனரும் முக்கியம். 15 இலக்கம் என்றால் ஐஎஸ்ஓ 11784, 11785 என்கிற சர்வதேசத் தரம், அலையின் அதிர்வெண் 134.2 கிலோஹெர்ட்ஸ். பழைய 9, 10 இலக்கச் சிப்புகள் பெரும்பாலும் 125. ஒன்றை மட்டும் படிக்கிற பழைய ஸ்கேனருக்கு மற்றது கண்ணில் படாது. அந்த டாக்டரிடம் இருப்பது எல்லாவற்றையும் படிக்குமா, சார்ஜ் இருந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிப் விழுவதும் உண்டுதான். ஊசித் துளை வழியாக, பெரும்பாலும் போட்ட கொஞ்ச நாளிலேயே. எப்படித் தேடியும் கிடைக்காவிட்டால் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். புதிதாகப் போடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

மூணு பூனை:
சிப் இருந்தா மணி எங்க சுத்துறான்னு போன்லயே பாத்துக்கலாம்ல?

திண்ணைவாசி:
அது ஜிபிஎஸ் பட்டை, வேறு சாமான். இது வெறும் எண், யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால்தான் உண்டு.

மணி அம்மாவுக்கு ஒன்று. நாயோடு வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் தேதியைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சிப் போட்ட பிறகு போட்ட ரேபிஸ் ஊசிதான் கணக்கில் சேரும். நேற்று ஊசி போட்டுவிட்டு நாளைக்குப் புதுச் சிப் போட்டால் நேற்றையது வீண்.

மணி வீட்டம்மா:
கிடைத்துவிட்டது! இன்று மறுபடி போனோம். கம்பவுண்டர் ஐயா சொன்னபடி தரையில் நிற்க வைத்து, பட்டையைக் கழற்றி, பொறுமையாக ஓட்டினார் டாக்டர். இடது முட்டிக்குச் சற்று மேலே பீப்!

ஆனால் புதுத் தலைவலி. ஸ்கேனரில் வந்த எண்ணும் தாளில் எழுதியிருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால், கையால் எழுதியதில் கடைசிக்கு முந்தைய இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. ஸ்டிக்கரில் சரியாக இருக்கிறது. சரியான எண்ணை இணையத்தில் தேடினால் "உரிமையாளர் விவரம் இல்லை" என்று வருகிறது. முகாமில் என் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதி வாங்கினார்களே?

பழைய கம்பவுண்டர்:
எழுதி வாங்கியிருப்பார்கள், ஏற்றியிருக்க மாட்டார்கள். அல்லது தவறான எண்ணில் ஏற்றியிருப்பார்கள். சிப்புக்குள் உங்கள் பெயரோ போன் நம்பரோ கிடையாது. முதல் மூன்று இலக்கம் நாட்டின் குறியீடு, 9இல் தொடங்கினால் பெரும்பாலும் தயாரிப்பாளர் குறியீடு. அதை வைத்து எங்கே விசாரிப்பது என்று தெரியும், நாய் யாருடையது என்று தெரியாது. அதற்குப் பதிவு வேண்டும். பதிவேடுகளும் ஒன்றுக்கு மேல் இருக்கும், முகாம் நடத்தியவர்கள் எதில் சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

அமெரிக்க விலங்குக் காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தெருவில் திரிந்து பிடிபட்ட நாய்களில் சிப் இருந்தவற்றில் 52.2 சதவீதம் வீடு திரும்பின. அப்படிப் பிடிபட்ட எல்லா நாய்களையும் சேர்த்து மொத்தத்தில் திரும்பியவை 21.9 சதவீதம். மூணு பூனைக்காரருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன், பூனைகளில் அது 38.5, மொத்தத்தில் வெறும் 1.8. சிப் இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாததற்கு முதல் காரணம் தவறான, அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பர். அவ்வளவு பெரிய ஊசியைக் குத்திவிட்டு இந்த இரண்டு நிமிட வேலையை விடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

நீங்களே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். எண்ணை ஸ்டிக்கரைப் பார்த்து இடுங்கள். இன்னொருவர் நம்பரும் கொடுங்கள். நேற்றைய ஊசிச் சான்றிதழில் சரியான எண்ணை எழுதி வாங்குங்கள்.

மூணு பூனை:
ஐயோ, நான் போன் நம்பர் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவே போறேன்.

மணி வீட்டம்மா:
பதிவு செய்தாயிற்று, உறுதி மின்னஞ்சலும் வந்துவிட்டது. இரண்டாவது நம்பராக என் தங்கையுடையதைக் கொடுத்தேன். அதே முகாமில் போட்ட பக்கத்து வீட்டுக்காரர்களையும் பார்க்கச் சொன்னேன். நான்கு பேரில் மூன்று பேருக்குப் பதிவே இல்லை. நான்காவதுக்கு இருக்கிறது, ஆனால் அவருடைய பூனை அங்கே நாய் என்று வருகிறது. யாருடைய ஸ்டிக்கர் யார் தாளில் ஒட்டியதோ தெரியவில்லை. நாளைக்கு அந்தப் பூனையைக் கூடையில் வைத்து ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.