புதுப்பிப்பு: ஃபேன்டசி கால்பந்துப் பதிவில் ஒரே ஆள் இரண்டு முறை – தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நான் செய்த ஃபேன்டசி கால்பந்து (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடுவது) தளத்தில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவதைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

'டேட்டாபேஸிலேயே யுனிக் போடுங்க' என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் வேலை செய்தது; யுனிக் போட்டால் ஒரே எண்ணை இரண்டாம் முறை சேர்க்க டேட்டாபேஸே விடாது. முன்பு நான் 'இந்தக் கைப்பேசி எண் ஏற்கெனவே இருக்கிறதா' என்று பார்த்துவிட்டுச் சேர்த்தேன். லைன் மெதுவாக இருக்கும்போது பட்டனை இரண்டு தரம் தட்டினால், இரண்டு கோரிக்கையும் ஒன்றாகப் பார்த்து, இரண்டுமே 'இல்லை' என்று சேர்த்துவிடுகின்றன. பழைய இரட்டைப் பதிவுகளை அழித்த பிறகே யுனிக் ஏறியது, கவனம்.

அப்புறமும் ஒருவர் இரட்டையாக வந்தார்: 012 என்று ஒரு தரம், +6012 என்று ஒரு தரம். இப்போது இடைவெளி, கோடு எல்லாம் நீக்கி, +60 ஆக்கித்தான் சேமிக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்று. பெயர்ப் பெட்டி சாய்கோட்டை (/) ஏற்கவில்லை. ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) போட்டவர்கள் பதிய முடியாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டி, பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அன்றிரவே திருத்திவிட்டேன்.