34 மணி நேரத்தைப் பைதான் 10 என்கிறது. 61 நாளை 60 என்கிறது

கடலூர் முதுநகர்:
அப்பாவின் விசைப்படகுக் கணக்குக்காகப் பைதானில் நிரல் எழுதுகிறேன். படகு கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் டேட்டைமாக (தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பாக) மாற்றிக் கழித்து, வரும் செகண்ட்ஸை 3600 ஆல் வகுக்கிறேன். அன்றன்றே திரும்பினால் விடை சரி. மார்ச் 11 அதிகாலை 3 மணிக்குப் போய் மறுநாள் பகல் 1 மணிக்கு வந்த நடைக்கு மட்டும் 34க்குப் பதில் 10 வருகிறது. டீசல் செலவை இதை வைத்துத்தான் பார்க்கிறோம். பிழையானால் ஆட்களின் பங்கில் கை வைத்ததாகிவிடும்.

இன்னொன்று: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நிரலில் 60.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
தம்பி, கழித்து வருவது டைம்டெல்டா, அதாவது இரண்டு நேரங்களுக்கு இடையிலான கால அளவு. அது முழு நாள்களை டேஸில் தனியே வைத்துவிடும். செகண்ட்ஸில் இருப்பது மிச்சம் மட்டுமே, 86,399ஐத் தாண்டாது. உங்கள் 34 மணியில் ஒரு நாள் அங்கே போய்விட்டது, மிச்சம் 10 மணி. செகண்ட்ஸுக்குப் பதில், நாள்களையும் சேர்த்து மொத்த நொடிகளைத் தரும் டோட்டல்_செகண்ட்ஸ்() போடுங்கள், 1,22,400 வரும்.

தடைக்காலத்தில் முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்தி. கழித்தால் இடைவெளிதான் கிடைக்கும், ஆகவே ஒன்று கூட்ட வேண்டும். படகு நேரத்தில் மறந்தும் கூட்டாதீர்கள்.

கடலூர் முதுநகர்:
34 வந்துவிட்டது, நன்றி ஐயா. ஆனால் இதுவரை சரியாக இருந்த ஒரு பழைய நடை இப்போது கெட்டுவிட்டது. 23:30க்குக் கிளம்பி 4:10க்கு வந்தது. முன்பு 4 மணி 40 நிமிடம். இப்போது மைனஸ் 19 மணி 20 நிமிடம். நோட்டில் நேரம் மட்டும் இருந்ததால் இரண்டுக்கும் ஒரே தேதியைக் கொடுத்திருந்தேன்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
கெடவில்லை, மறைந்திருந்த பிழை வெளியே வந்திருக்கிறது. உள்ளே அது மைனஸ் 1 நாளும் 4:40 மணியும். செகண்ட்ஸ் அந்த மைனஸை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டியது. தானாக ஒரு நாளைக் கூட்டும்படி எழுதிவிடாதீர்கள்! எந்த நாளில் திரும்பியது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? மைனஸ் வந்தால் நின்று தேதியைக் கேட்கட்டும்.

கடலூர் முதுநகர்:
அந்த நடையின் மீன் ஏலச் சீட்டைத் தேடி எடுத்தேன். படகு திரும்பியது மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள். 28 மணி 40 நிமிடம். அன்றைய பங்கை அப்பாவுடன் உட்கார்ந்து மீண்டும் போடுகிறேன்.