கெரடோகோனஸ் கண்ணுக்கு லென்ஸ்: யாருக்கு எது செட் ஆனது?

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் எனக்கு நிலா நாலைந்தாகத் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று சரிந்து. வருகிற பஸ் 21ஜி-யா இல்லையா என்பது அது நிறுத்தத்தைத் தாண்டும்போதுதான் புரியும். அப்போது வயது 22. கண்ணாடிக் கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பவரை ஏற்றிக்கொண்டே போனார்கள். மூன்றாவது கண்ணாடியும் உதவாமல் போன பிறகே கண் மருத்துவமனைக்குப் போனேன். கருவிழியைப் படமெடுத்தார்கள். இடது கண் படத்தில் நடுவுக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டு. கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்திவிட்டது, கெரடோகோனஸ் என்றார் டாக்டர். மேடுபள்ளமான பரப்பைக் கண்ணாடி சரிசெய்யாதாம். விறைப்பான லென்ஸ் போட்டால், அதற்கும் கருவிழிக்கும் நடுவே தேங்குகிற கண்ணீர் அந்த மேடுபள்ளத்தை நிரவிவிடுமாம்.

முதலில் போட்டது ஆர்ஜிபி, காற்று ஊடுருவுகிற விறைப்பான லென்ஸ். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். போட்ட அன்று சார்ட்டில் 6/9 வரிசை வரை வாசித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாதி சந்தோஷம், பாதி உறுத்தல். உறுத்தல் மூன்று வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது தூசு. மெட்ரோ வேலை நடக்கிற ஓஎம்ஆரில் தினமும் பைக்கில் போகிறவன் நான். ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் போனால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், வண்டியை ஓரம் கட்டியே ஆக வேண்டும். ஒருநாள் சிக்னலில் கண்ணைக் கசக்கியதில் லென்ஸே தெறித்து விழுந்தது. ஒற்றைக் கண்ணோடு தார்ரோட்டில் தேடினேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

அப்புறம்தான் ஸ்க்லீரல். பழைய நாலணாவைவிடக் கொஞ்சம் சிறியது. கருவிழியைத் தொடாமல் தாண்டி, வெள்ளை விழியின் மேல் உட்காரும். பிரிசர்வேட்டிவ் இல்லாத சலைனைக் கிண்ணம் மாதிரி அதில் நிரப்பி, முகத்தைத் தரையைப் பார்த்துக் குனிந்து போட வேண்டும். ஒரு குமிழி உள்ளே மாட்டினாலும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். முதல் வாரம் தினமும் முக்கால் மணி நேரம் இதற்கே போனது. விலையும் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. ஆனால் தூசு உள்ளே போவதில்லை. மதியம் மூன்று மணிவாக்கில் உள்ளே இருக்கிற சலைன் கலங்கிப் புகைமூட்டம் போல ஆகும். கழற்றிக் கழுவிப் புது சலைன் நிரப்பிப் போட்டால் ராத்திரி வரை ஓடும்.

தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ட்ரையல் லென்ஸைப் போட்டதும் சார்ட்டை வாசித்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். நான் கேட்டுப் பார்த்தேன், இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வெளியே போய்வரச் சொன்னார்கள். மாடிப்படி இறங்கினேன், டீக்கடை விலைப்பட்டியலை வாசித்தேன், இருட்டும் வரை இருந்து எதிரே வரும் ஹெட்லைட்டைப் பார்த்தேன். திரும்பிப் போனதும் ஊற்றிய பச்சைச் சாயத்தில் ஓர் ஓரம் விழியை அழுத்துவது தெரிந்தது. ஸ்க்லீரல் நேரம் ஆக ஆக விழியின் மேல் இன்னும் அழுந்தி உட்காருமாம், போட்ட உடனே பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. வலது கண்ணில் நோய் ஆரம்பக் கட்டம்தான், அதற்குச் சிலிண்டர் பவர் உள்ள சாதாரண டோரிக் சாஃப்ட் லென்ஸே போதும் என்றார்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே வகை வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

*

நான் பள்ளி ஆசிரியை, 11 வருடமாக ஆர்ஜிபிதான். எனக்கு எதிரி சாக்பீஸ் தூள். தாங்க முடியாமல் போனபோது, அடியில் ஒரு மெல்லிய சாஃப்ட் லென்ஸ் போட்டு அதன் மேல் ஆர்ஜிபியை வைக்கச் சொன்னார் டாக்டர். காலையில் இரட்டை வேலைதான், ஆனால் ஆறாவது பீரியட் வரை கண் சிவக்காமல் இருக்கிறது. வாஷ்பேசின் ஓட்டையில் ஒரு லென்ஸைப் பறிகொடுத்த பிறகு, கீழே துண்டு விரிக்காமல் லென்ஸைத் தொடுவதே இல்லை. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவவே கழுவாதீர்கள். அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற கிருமி கருவிழியையே அரித்துவிடலாம்.

*

என் மகனுக்கு 16 வயது. லென்ஸ் கேட்டுத்தான் போனோம், முதலில் சி3ஆர் செய்யணும் என்றார்கள். ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலட் ஒளி காட்டுவது. அது முடிந்ததும் பார்வை தெளிந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நோய் மேலும் ஏறாமல் நிறுத்தத்தான் அது, பார்வைக்கு அப்புறம் லென்ஸ் போடத்தான் வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. அவன் தூக்கத்திலும் கண்ணைத் தேய்க்கிற பையன். இப்போது அலர்ஜி சொட்டு விடுகிறோம், தேய்த்தால் எங்களிடம் திட்டும் வாங்குகிறான். ஸ்க்லீரல் போட்டால் கழற்றுவது கஷ்டமா? பயப்படுகிறான்.

*

கஷ்டம் இல்லை சார். லென்ஸைக் கழற்றுகிற சின்ன உறிஞ்சி ரப்பரை லென்ஸின் நடுவில் வைத்து இழுத்தால் இன்னும் இறுகப் பிடிக்கும். நானும் முதல் நாள் அப்படி இழுத்துப் பயந்துபோனேன். கீழ் ஓரத்தில் ஒட்டி, மெதுவாக நிமிர்த்தினால் காற்று புகுந்து தானாகக் கழன்று வரும். இரண்டு ரப்பர் வாங்கி ஒன்றை ஸ்கூல் பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.