வீடு மாறும் குழந்தைக்கு ஒரு மாயக்கதை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன உதவி.

அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வீடு மாறுகிறோம். மகளுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டுத் தோழியைப் பிரிய வேண்டுமே என்று பத்து நாளாக வாடிப்போய்த் திரிகிறாள். கலர் பென்சில்களை எண்ணிப் பாதியை அவளுக்குக் கொடுத்தாயிற்று. பச்சை யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

போன ஞாயிறு இருவருக்கும் 1989இல் வந்த ஜப்பானியப் படம் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ போட்டுக் காட்டினேன். எய்கோ கடோனோ 1985இல் எழுதிய சிறுவர் நாவல்தான் மூலம். பதிமூன்று வயதுச் சூனியக்காரச் சிறுமி வீட்டைவிட்டுக் கிளம்பி, தெரியாத ஊரில் துடைப்பத்தில் பறந்து பார்சல் கொடுத்துப் பிழைக்கிறாள். வில்லனே கிடையாது. நடுவில் அவளுக்குப் பறக்க வராமல் போகிறது, கூடவே இருக்கும் கறுப்புப் பூனை பேசுவதும் புரியாமல் போகிறது. அந்த இடத்தில் என் மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓசூர் போனப்புறம் இவ பேசுறதும் எனக்குப் புரியாம போயிருமாம்மா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் தினமும் இதே மாதிரி இன்னொரு கதை கேட்கிறாள். நான் படித்து வளர்ந்த அம்புலிமாமாவில் ராட்சசர்களும் வேதாளமும் அதிகம், இப்போதைக்கு வேண்டாம். மாயமும் நட்பும் இருந்து, பயமுறுத்தாத தமிழ்ப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பானாலும் சரி. ராத்திரி வாசித்துக் காட்டச் சின்னச் சின்ன அத்தியாயமாக இருந்தால் நல்லது. கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிற கதை மட்டும் வேண்டாம், பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

பெயரோடு பதிப்பகத்தையும் போடுங்கள். 20ஆம் தேதிக்கு மேல் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவோம்.